அம்மா வேண்டிக்கொண்ட வியாதி

வயிற்றுக் கோளாறு என்றால் நம் வீடுகளில் டாக்டருக்கு முன்னால் அஞ்சறைப் பெட்டிதான் பேசும். சீரகம், ஓமம், சுக்கு, மோரில் ஊறிய வெந்தயம் என்று வரிசையாக வைத்தியம் நடக்கும். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகியும் விடும். ஆனால் அந்த இரண்டு நாள் இரண்டு மாதமாக நீண்டால்? கை நிறைய ரிப்போர்ட்டுகள் வந்த பிறகும் டாக்டர், "இன்னும் பார்க்கணும்" என்று சொன்னால்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யாராவது ஒரு சகோதரிக்கு உபயோகப்படும்.

என் தங்கைக்கு அடையாறில் வீடு. 2022-ஆம் வருஷம் அவள் குழந்தைக்கு ஒரு வயது நிரம்பிய சமயம். வலது பக்க அடிவயிற்றில் வலி, அடிக்கடி பேதி, சாயங்காலமானால் லேசான ஜுரம். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். "ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலை" என்றார்கள் சிலர். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டாள். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ராத்திரி மூணு மணிக்கு வயிறே என்னை எழுப்பிடுது."

அந்த வார்த்தைதான் முக்கியம் என்று பிறகு டாக்டர் அம்மாள் சொன்னார். மனக்கவலையாலும் குடல் எரிச்சலாலும் வருகிற பேதி சாதாரணமாகத் தூங்குகிற ஆளை எழுப்பாதாம். தூக்கத்தைக் கலைக்கிற பேதி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விட்டு விட்டு ஜுரம், ரத்தசோகை, ஆசனவாய்ப் பக்கத்தில் சீழ்க்கட்டி இவற்றில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், மூட்டு வலி, கண் சிவப்பு இவையும் குடலோடு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். ரத்தத்தைப் பார்த்ததும் "மூலம்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

தங்கையின் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். எத்தனை தடவை, பகலா இரவா, ரத்தமோ சளியோ உண்டா, ஜுரம் எவ்வளவு, வாரத்துக்கு ஒரு தடவை எடை, சாப்பிட்ட மாத்திரைகள். டாக்டர் முன் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும் நமக்கு, இந்தப் பட்டியல் எவ்வளவு கை கொடுத்தது தெரியுமா!

தி.நகரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போட்ட எண்களைப் பார்த்ததும் தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொன்றையும் டாக்டர் அம்மாள் பொறுமையாக விளக்கினார்.

ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். குடலில் புண் இருந்தால் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம், இரும்புச் சத்தும் சரியாகச் சேராது. சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. சி.ஆர்.பி.யில் இன்னொரு குழப்பம் உண்டு. சில லேபில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள், சில லேபில் டெசிலிட்டருக்கு. டெசிலிட்டருக்கு 1.8 என்பதும் லிட்டருக்கு 18 என்பதும் ஒன்றேதான்! இது தெரியாமல் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அளவையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து மலப் பரிசோதனை. அமீபா, கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். பிறகு கால்ப்ரொடெக்டின் என்று ஒன்று. இது வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு புரதம். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே கூடும், இந்தப் புரதமும் மலத்தில் அதிகமாக வரும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 250-க்கு மேல் போனால் குடலுக்குள் பார்த்தாக வேண்டும். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். தங்கைக்கு 600-க்கு மேல் இருந்தது. ஆனால் இதுவும் வியாதியின் பெயரைச் சொல்லாது. தொற்று நோயிலும் ஏறும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். அதனால்தான் சாப்பிட்ட மாத்திரைகளை எல்லாம் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

பிறகு கொலோனோஸ்கோபி. பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். மயக்க ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் கொஞ்சம் சிரமம். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கீரை, தக்காளி, கொய்யா, கத்தரிக்காய் போன்ற நாரும் விதையும் உள்ளதை நிறுத்திவிட வேண்டும். முந்தின நாள் இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், ரசத் தெளிவு மாதிரி தெளிந்த நீர் ஆகாரம் மட்டும். இரும்புச் சத்து மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், அது குடலில் கறுப்பாக ஒட்டிப் பார்வையை மறைக்கும்.

சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடத்தில் புண்கள் இருந்தன. பல இடங்களில் துளித் துளியாகச் சதை எடுத்தார்கள். அதை இரண்டு விதமான பாட்டில்களில் போட்டார்கள். ஃபார்மலின் ஊற்றிய பாட்டில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு. உப்பு நீர் பாட்டில், கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் செய்வதற்கு. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் எப்படி வளரும்? கல்ச்சருக்கும் அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

"எந்தக் கிருமி?" என்று அம்மா கேட்டாள். "டி.பி." என்றார் டாக்டர் அம்மாள்.

அம்மாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. இருமல்கூட இல்லாத பெண்ணுக்கு டி.பி.யா? நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குடலில் காசநோய் வரலாமாம். அதைப் போலவே வேஷம் போடுகிற இன்னொரு வியாதி க்ரோன்ஸ். 1932-இல் நியூயார்க்கில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று டாக்டர்கள் 14 நோயாளிகளை வைத்து, இது காசநோய் அல்ல, தனி வியாதி என்று எழுதினார்கள். தொண்ணூறு வருஷம் ஆகியும் இரண்டையும் பிரித்துச் சொல்வது சுலபமாகிவிடவில்லை. இரண்டும் வருவது ஒரே இடத்தில். இரண்டிலும் வலி, ஜுரம், இளைப்பு. பயாப்சியில் க்ரானுலோமா என்று வந்தால் அதுவும் இரண்டிலும் உண்டு. அதன் நடுவில் பாலாடைக் கட்டி போலச் சிதைவு இருந்தால் டி.பி. பக்கம் சாயும். தங்கைக்கு அது இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையிலும் கிருமி அகப்படவில்லை. ஆனால் குடல் விஷயத்தில் 'இல்லை' என்று வந்தால் அதை முழுசாக நம்பிவிட முடியாது என்றார்கள். கல்ச்சர் முடிவுக்கோ ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

"ஏதோ ஒண்ணுக்கு மருந்து குடுத்துடுங்களேன், டாக்டர்" என்றார் தங்கை கணவர்.

"அவசரப்பட முடியாது, சார். க்ரோன்ஸுக்குக் குடுக்கிற ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். உள்ளே டி.பி. இருந்தா அது பரவிடும். முதல்லே டி.பி.யைத் தீர்மானம் பண்ணணும்" என்றார் அவர். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீங்க பயப்படற வியாதிதாம்மா ரெண்டுலே நல்லது. டி.பி.யா இருந்தா சாதாரணமா ஆறு மாசத்துலே குணமாயிடும். க்ரோன்ஸ்னா அடக்கி வைக்கலாம், அடியோட போகாது" என்றார்.

டி.பி. என்ற பெயரைச் சொல்லவே கூசுகிற குடும்பம் எங்களுடையது. மறுநாள் விடியற்காலையில் அம்மா கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கற்பகாம்பாள் சந்நிதியில் வெகு நேரம் நின்றாள். "என்னம்மா வேண்டிண்டே?" என்றேன். "டி.பி.யாவே இருக்கட்டும்னு" என்றாள். எந்தத் தாயாவது இப்படி வேண்டிக்கொண்டிருப்பாளா?

அம்மாவின் வேண்டுதலுக்குப் பின்னால் நம் சென்னையின் உழைப்பு ஒன்று இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது அதுவே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவர்களைப் போலவே குணமாகலாம் என்று 1959-இல் உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்கள் அவர்கள்தான். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதுமா என்பதையும் சென்னையிலேயே சோதித்து, நோயாளிகளை ஐந்து வருஷம் கவனித்து, நல்ல பலன் என்று 1997-இல் வெளியிட்டார்கள். அந்த மருந்து அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தங்கைக்கு டி.பி. மருந்தையே முதலில் ஆரம்பித்தார்கள். அவளுடைய முதல் கேள்வி, "குழந்தைக்குப் பால் குடுக்கலாமா?" என்பதுதான். அவளுக்குக் கொடுத்த மருந்துகளோடு தாராளமாகக் கொடுக்கலாம், நுரையீரலில் இல்லாததால் இருமித் தொற்றும் பயமும் இல்லை என்றார் டாக்டர் அம்மாள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் முன்னதாகவே சொல்லி வைத்தார்.

ஒரு மாதத்தில் தங்கைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அம்மா பாயசமே வைத்துவிட்டாள். ஆனால் டாக்டர் அம்மாள், "உடம்பு தேறினது மட்டும் போதாது, புண் ஆறியிருக்கான்னு கண்ணால பார்க்கணும்" என்று இரண்டாம் மாத முடிவில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்தார். டி.பி.யாக இருந்தால் பெரும்பாலும் அதற்குள் புண் ஆறத் தொடங்கிவிடும். தங்கைக்கு ஆறவில்லை. கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து, க்ரோன்ஸ் என்று முடிவு சொன்னார்கள்.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. தங்கைதான் அம்மாவைத் தேற்றினாள். "பேர் தெரியாம ராத்திரியெல்லாம் பயந்ததைவிட இது மேல்" என்றாள்.

அப்போது ஒரு புத்தகத்தில் படித்தேன். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு 1956 ஜூனில் இதே க்ரோன்ஸால் குடல் அடைத்து ஆபரேஷன் நடந்தது. அதே நவம்பரில் தேர்தலில் நின்று மறுபடியும் ஜெயித்தார்! அந்தக் காலத்தைவிட இன்று மருந்துகள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. தங்கைக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றினார்கள். ஸ்டீராய்டை மட்டும் நாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இழந்த எடை திரும்பிவிட்டது. இன்னொரு குழந்தை பெறலாமா என்று கேட்டதற்கு, "வியாதி சில மாசம் அடங்கி இருக்கட்டும், அப்புறம் கலந்து பேசிப் பெத்துக்கலாம்" என்று டாக்டர் அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒன்றை மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தோடு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் போனாலோ, அதோடு ஜுரமும் படபடப்பும் இருந்தாலோ, வயிறு உப்பி வாந்தி வந்து காற்றும் பிரியாமல் இருந்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மற்றபடி, ஒரு தாளில் உள்ள ஓர் எண்ணைப் பார்த்து உங்கள் வியாதிக்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். அறிகுறி, ரத்தம், மலம், கொலோனோஸ்கோபி, பயாப்சி, மருந்துக்கு உடம்பு சொல்லும் பதில் இத்தனையும் சேர்ந்தால்தான் பெயர் தெரியும். டாக்டர் இன்னொரு பரிசோதனை கேட்டால், 'ஏன், இதில் என்ன தெரியும்?' என்று தைரியமாகக் கேளுங்கள். 'பொறுங்கள்' என்று அவர் சொன்னால், காரணம் தெரிந்துகொண்டு பொறுத்திருங்கள். அந்தப் பொறுமையும் வைத்தியத்தில் ஒரு பாகம்தான்.