பத்தரமுல்லைத் தெரிவுக்குழு

இலங்கை உதைபந்தாட்ட அணியின் பெயர்ப்பட்டியல் கண்ணில் பட்டால் எனக்கு ஆட்டத்தைவிட ஆட்டக்காரர் பிறந்த ஊரில்தான் ஆர்வம். ஆதவன் ராஜமோகன் சுவிடனில் பிறந்தவர். பரத் சுரேஷ், வசீம் ராசிக் இருவரும் ஜேர்மனி. டைனமோ டிரெஸ்டன் கழகத்துக்கு ஆடிய குளோடியோ கம்மர்க்னெக்டும் ஜேர்மனிதான். அந்தப் பெயரை வாசித்து முடிக்க எனக்கு ஒரு பிளேன்ரீ தேவைப்படுகிறது.

வெள்ளவத்தை மரைன் டிரைவில் மாலை நடக்கிற எங்கள் பென்சன்காரர் கூட்டம் இந்த விசயத்தில் இரண்டு கட்சி. "எங்கட பெடியள் அங்க நல்ல கோச்சிங்கில வளர்ந்தவங்கள். கூப்பிட்டுப் போடுறதுக்கு என்ன?" என்பது பெரும்பான்மை. எதிர்க்கட்சி ஒரேயொருவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர், இளமையில் கழக ஆட்டங்களில் முழங்காலைப் பறிகொடுத்தவர். "95ல இந்தியாவ ஒண்டுக்கு சைபர் அடிச்சுக் கப் எடுத்தமே, அதுக்கு எந்த எயாப்போட்ல ஆள் பிடிச்சீங்க?" என்பார். தெற்காசியக் கிண்ண இறுதி, கொழும்பில், மேலதிக நேரத்தில் விழுந்த கோல். அதைச் சொல்லும்போது முழங்கால்கூட நேராகிவிடும். பெரும்பான்மையினர் விடமாட்டார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனல்டியில் வென்றதையும், 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை 3–1 என்று மடக்கியதையும் எடுத்து வைப்பார்கள். மொரோக்கோ 2022 உலகக் கிண்ண அரையிறுதிவரை போனதே, அந்த 26 பேரில் 14 பேர் பிறநாட்டில் பிறந்தவர்கள் என்று ஒருவர் கைபேசியை நீட்டுவார்.

எனக்கு இரண்டு பேரோடும் கோபம். உள்ளூரில் ஏதோ திறமை பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்ற நினைப்பில் சண்டை பிடிக்கிறார்கள். இங்கே ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைக்கிற இடம் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். அந்தக் கதவைத் தட்டுமுன் ஒரு மன்னார்ப் பெடியன் எத்தனை தரம் யோசிப்பான் என்று நான் விளக்கவேண்டியதில்லை. வெளிநாட்டுப் பெடியனையோ பயிற்றுநர் விரலால் காட்டத்தான் முடியும். தெரிவு செய்வது பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். கடவுச்சீட்டு இல்லாதவனை பீபா மைதானத்தில் இறங்கவிடாது. 83 ஆடிக் கலவரத்துக்குப் பின் வெளியே போகக் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள், உள்ளே வர அதே திணைக்களத்துக்கு விண்ணப்பம் போடுகிறார்கள்.

ஆள் தெரிவில் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணன் கடவுச்சீட்டை வைத்துத்தான் கணக்குப் போட்டான். தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் நாங்கள் எல்லாரும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்துக் கிடந்தோம். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமுடியாது. ஆகவே பின்னால் இருந்த ஒழுங்கைக்குள் றப்பர் பந்து. வடமராட்சிப் பெடியன் ஒருவன் தன்னைத்தானே கப்டனாக்கி, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அணி எழுதுவான். பென்சில் அவசியம். விடியப் பார்த்தால் நேற்றைய கோல்கீப்பரின் பாய் சுருட்டியிருக்கும், ஆள் மொஸ்கோவுக்கு. யாருக்கும் சொல்லிப் போகக்கூடாது என்பது ஏஜென்சிக் கட்டளை. கப்டன் வாய் திறக்காமல் பெயரை அழித்து, முந்தின இரவு வவுனியாவிலிருந்து வந்திறங்கியவனை எழுதுவான்.

அவனுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. டிக்கட் சரிவந்தவனைக் கரையில் போடு, போனாலும் அணி குலையாது. நடுவில் போடவேண்டியது விசா மறுத்தவனை. பாங்கொக்கிலிருந்து இரண்டு தரம் திருப்பி அனுப்பப்பட்ட சாவகச்சேரிக்காரனைச் சுற்றித்தான் முழு அணியையும் கட்டியிருந்தான். "உவன் எங்கயும் போகமாட்டான், நம்பிப் பாஸ் குடுங்கோ" என்று கத்துவான். சாவகச்சேரிக்காரனுக்கு முகம் கறுக்கும். ஆனாலும் பாஸ் பிழைக்காது.

ஒருநாள் கப்டனின் பாயும் சுருட்டியிருந்தது. அதற்குள் சாவகச்சேரிக்காரனும் எப்படியோ போய்விட்டிருந்தான். கலண்டர்த் தாளும் பென்சிலும் என் கைக்கு வந்தன. எனக்கு இடது காலால் பந்தைத் தொடவே தெரியாது. ஆனால் என்னுடைய ஏஜென்சிக்காரன் காசோடு தலைமறைவாகியிருந்தான். அந்த லொட்ஜில் என்னைவிட நிரந்தரமான ஆள் இல்லை.