அக்காவுக்குச் சொல்வதுபோல

போன வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என் எதிரில் உட்கார்ந்து 'விதைநெல்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தான். வி, தை, நெ, ல். ஒரு பிழை இல்லை. படித்து முடித்ததும் நிமிர்ந்து, "அப்படின்னா என்ன மிஸ்?" என்றான். "விதைக்கிறதுக்காக எடுத்து வைக்கிற நெல்லு" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனான். அடுத்த வாரம் அதே சொல் வந்தபோது, அதே கேள்வியை மறுபடியும் கேட்டான்.

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் ஞாயிறுதோறும் காலை ஒன்றரை மணி நேரம் தமிழ் படிக்கச் சொல்லித்தருகிறேன். பதினோரு பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், காவலாளியிடமும் காய்காரரிடமும் கன்னடம், விளையாட்டு மைதானத்தில் இந்தி என்று நான்கு மொழிகளில் புழங்குகிற பிள்ளைகள். 247 எழுத்தும் அவர்களுக்குப் பெரிய பாரமாக இருந்ததில்லை. நான்கைந்து மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். எழுத்து வந்த பிறகுதான் தடை ஆரம்பித்தது.

நான் பிறந்தது திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம். வரப்பு என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே வரப்பில் நடந்து வழுக்கி விழுந்திருக்கிறேன். புத்தகத்தில் அந்தச் சொல்லைக் கண்டபோது தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கோ தமிழ்ப் புத்தகத்தில் வருகிற பாதிப் பேர் முன்பின் பார்த்திராதவர்கள். பேரைச் சொல்லி அறிமுகம் செய்துவைத்தால் மட்டும் பழக்கம் வந்துவிடுமா? சொல்லும் பொருளுமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மனப்பாடம் செய்தார்கள், ஒப்பித்தார்கள், மறந்தார்கள்.

வழி காட்டியது பத்து வயதுப் பெண் ஒருத்தி. வகுப்புக்கு வரும்போது அவள் பையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய புல்வெளி வீட்டுக் கதைகளில் ஒன்று. 1867இல் பிறந்த லாரா, அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் தன் குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராய்க் குடியேறியதைப் பிற்காலத்தில் கதைகளாக எழுதினார். முதல் புத்தகம் 1932இல் வந்தது. அந்தப் பெண்ணிடம், "இந்தக் கதையை எங்க எல்லாருக்கும் தமிழ்ல சொல்லேன்" என்றேன். உற்சாகமாக ஆரம்பித்தாள். இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டாள். "அவங்க அப்பா மரத்தை கட் பண்ணி, வீடு பில்ட் பண்ணி, தண்ணி ஃபில் பண்ணி..." என்று போனவள், "மிஸ், எல்லாமே பண்ணி பண்ணின்னு வருது" என்றாள்.

குறை எது என்பதை அந்தக் குழந்தையே கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் பிள்ளைகள் இழந்திருந்தது பெயர்ச்சொற்களை மட்டும் இல்லை, வினைச்சொற்களையும். தண்ணீரைக் கிணற்றிலிருந்து சேந்துவோம், குடத்திலிருந்து மொள்ளுவோம், வயலுக்கு இறைப்போம், பானையில் நிரப்புவோம். கையின் ஒவ்வோர் அசைவுக்கும் தமிழில் ஒரு சொல் உண்டு. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற வீட்டில் அத்தனை அசைவும் ஒரே 'ஃபில் பண்ணு'வுக்குள் அடங்கிவிட்டது. வேலை போனது, வேலையோடு அதன் சொல்லும் போனது.

குடியேறியவர்களின் கதை இங்கேதான் கைகொடுத்தது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருடம் தங்கிப் பயிர்செய்தால் நிலம் அவர்களுக்கே சொந்தம். போன இடம் பலவற்றில் மரம் இல்லை, கல் இல்லை, கடை இல்லை. புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். விறகுக்கு வழியில்லாத இடங்களில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்ததைப் பொறுக்கி எரித்தார்கள். "அதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். அடுத்த வாரம் ஒருவன் வரட்டி என்றான், ஒருத்தி எருவாட்டி என்றாள், இன்னொருத்தி ராட்டி என்றாள். மூன்று மாவட்டத்துப் பாட்டிகள் தொலைபேசி வழியாக எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

எதையும் வாங்க முடியாத இடத்தில் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். அதனால் இந்தக் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வெட்டுகிறார்கள், செதுக்குகிறார்கள், முடைகிறார்கள், வேய்கிறார்கள், மெழுகுகிறார்கள், புடைக்கிறார்கள், திரிக்கிறார்கள். அந்தச் சொல் தெரியாவிட்டால் அன்று ராத்திரி லாராவின் வீட்டுக்குக் கூரை கிடையாது. அது புரிந்ததும் பிள்ளைகள் சொல்லைத் தாங்களாகவே தேட ஆரம்பித்தார்கள். நான் பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வாரம் ஒரு கதைத்துண்டை எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். புதுச்சொல் நான்கு அல்லது ஐந்துதான். அதே சொற்கள் அடுத்த வாரத் துண்டிலும் அதற்கடுத்ததிலும் வேறு வேறு இடத்தில் திரும்பிவரும்படி பார்த்துக்கொண்டேன். ஒரே முறை பார்த்த சொல் ஒட்டாது. நான்காவது முறை சந்திக்கும்போதுதான் பிள்ளையின் முகத்தில் தெரிந்தவரைப் பார்த்த வெளிச்சம் வரும்.

லாராவிடமிருந்தே ஒரு பயிற்சியும் எடுத்துக்கொண்டோம். அவருடைய அக்கா மேரிக்கு 1879இல், பதினான்கு வயதில், நோயினால் பார்வை போய்விட்டது. அதன்பின் தான் பார்ப்பதையெல்லாம் அக்காவுக்கு வார்த்தையில் சொல்வது லாராவின் வேலை ஆயிற்று. பிற்காலத்தில் அவர் எழுத்தாளரானதற்கு அந்த வேலையும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றும். வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் அக்கா. இன்னொரு பிள்ளை சன்னலுக்கு வெளியே தெரிவதைச் சொல்ல வேண்டும். "மரம் இருக்கு" என்றால் அக்கா விடமாட்டாள். "என்ன மரம்? இலை எப்படி? அசையுதா, சும்மா நிக்குதா?" கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். 'சலசலக்குது' என்ற சொல்லை ஒரு பிள்ளை தானாகத் தேடி எடுத்தது அந்த விளையாட்டில்தான்.

அக்டோபரில், லாராவின் நீண்ட குளிர்காலக் கதைக்கு வந்தோம். 1880-81 குளிர்காலம், டகோட்டாவின் டி ஸ்மெட் ஊர். பனிப்புயல் மேல் பனிப்புயல் அடித்து ரயில் நின்றுபோகிறது. நிலக்கரி தீர்ந்துபோகிறது. காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டையாக்கி அடுப்பில் போடுகிறார்கள். "நம்ம ஊர்ல வைக்கோலை முறுக்கினா பிரி" என்று, ஒரு பழைய சணலை முறுக்கிக் காட்டினேன். மாவு இல்லை, காப்பிக்கொட்டை அரைக்கும் கையரைவையில் கோதுமையைத் திரித்து ரொட்டி சுடுகிறார்கள். பிறகு கோதுமையும் தீர்கிறது. அந்த ஊரில் அல்மான்சோ என்ற இளைஞர் வசந்தத்தில் விதைப்பதற்காக வைத்திருந்த கோதுமையைப் பொய்ச்சுவர் ஒன்று எழுப்பி அதற்குப் பின்னால் மறைத்துவைத்திருக்கிறார். பசியில் இருக்கும் ஊர், சுவருக்குப் பின்னால் தானியம்.

கூடத்தில் சத்தமே இல்லை. ஜூன் மாதத்துப் பையன் மெல்லக் கேட்டான்: "மிஸ், அது விதைநெல்லா?"

"கோதுமை. ஆனா அதேதான்."

"பசிச்சா சாப்பிடக் கூடாதா?"

எங்கள் ஊரில் பஞ்ச காலத்தில் விதைநெல்லில் கை வைப்பதைப் பற்றிப் பெரியவர்கள் எந்தக் குரலில் பேசுவார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். இன்றைக்குச் சாப்பிட்டால் அடுத்த வருடம் இல்லை, சாப்பிடாவிட்டால் இன்றைக்கே இல்லை. அரை மணி நேரம் பிள்ளைகள் வாதாடினார்கள். மறைத்தது தப்பு என்று ஒரு கட்சி, சரி என்று ஒரு கட்சி. கடைசியில் அல்மான்சோவே இன்னொருவருடன் சேர்ந்து பனிவெளியில் பல மைல் போய், வேறொரு குடியானவரிடமிருந்து ஊருக்குக் கோதுமை வாங்கிவருகிறார் என்றதும் இரண்டு கட்சியும் கை தட்டின. அதற்குப் பிறகு அந்தப் பையன் விதைநெல் என்றால் என்ன என்று கேட்டதில்லை.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்தப் புல்வெளி காலியாக இருந்ததில்லை. கான்சாஸில் லாராவின் குடும்பம் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்கு உரிய நிலம். 1935இல் வெளியான புத்தகத்தில் அந்தப் பகுதியைப் பற்றி, அங்கே மனிதர்கள் இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 1952இல் ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அவர்கள் மனிதர்கள் இல்லையா என்பதுதான் அவருடைய மனக்குறை. பதிப்பகம் தவற்றை ஒப்புக்கொண்டது. 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறியவர்கள்' என்று மாறியது. ஒரே ஒரு சொல். 2018இல் அமெரிக்க நூலகர்கள், லாராவின் பெயரில் வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரையே மாற்றினார்கள். 'மனிதர்கள்', 'குடியேறியவர்கள்' என்ற இரண்டு சொல்லையும் பலகையில் எழுதினேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பதினேழு வருஷம் யாருமே கவனிக்கலையா மிஸ்?" என்றாள். வாசிப்பு என்றால் என்ன என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் காலுக்குக் கீழே இருந்த கதைக்கு அப்போதுதான் வந்தோம். ஒயிட்ஃபீல்டே ஒரு குடியேற்ற ஊர். 1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் உழுது பிழைப்பதற்காக 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அவர்களுக்காகப் பாடுபட்ட டி.எஸ். ஒயிட் என்பவரின் பேர்தான் ஊரின் பேர். அன்றைக்கு வட்டமாகப் போட்ட தெருவின் பேர் இன்னும் இன்னர் சர்க்கிள். 1990கள்வரை இது சிறிய, அமைதியான ஊர். பிறகு தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. 2023இல் மெட்ரோ வந்தது. நாங்களும் வந்தோம்.

"இங்க முன்னாடி யார் இருந்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டதும், நான் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. மெட்ரோ நிலையத்தின் பலகையிலேயே விடை இருக்கிறது: ஒயிட்ஃபீல்டு என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் காடுகோடி. காடு அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் நல்லூரஹள்ளி. பிள்ளைகள் அதை உடைத்துப் பார்த்தார்கள். நல்ல ஊர் தெரிகிறது, ஹள்ளி என்றால்? கன்னடத்தில் சொல்லுக்கு முதலில் வந்த பழைய பகரம் காலப்போக்கில் ஹகரமாகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. உடனே பள்ளி என்று கூவினார்கள். நம் பக்கத்து ஊர்ப்பெயர்களில் வருகிற அதே பள்ளி. அன்று சாயங்காலம் காவலாளி அண்ணனிடம் போய் ஆளாளுக்கு ஒரு ஹ சொல்லைக் கேட்டு வாங்கினார்களாம். இந்த மண்ணின் மொழி தங்கள் மொழிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்பது அவர்களுக்குக் காதால் புரிந்தது. இங்கே பிழைக்க வந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பாடமாக, அவரவர் குடும்பம் ஊரைவிட்டு வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைப்பாளையம் (கண்டோன்மென்ட்) அமைந்ததிலிருந்து சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் கூலிகளாகவும் தமிழர்கள் அல்சூர்ப் பக்கம் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பிள்ளைகளின் பக்கங்களில் அந்தப் பெருங்கதையின் சின்னச் சின்னக் கதவுகள் திறந்தன. ஒருவனுடைய அப்பா முதல் மாதம் ஆறு பேரோடு ஒரே அறையில் பாய் விரித்திருக்கிறார். ஒருத்தியின் அம்மா அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்திருக்கிறார். 'தட்டுமுட்டுச் சாமான்' என்ற சொல் மூன்று பேருடைய தாளில் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை.

பையில் லாராவின் புத்தகம் வைத்திருந்த பெண் கடைசியாக எழுந்தாள். அவள் பாட்டியின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியதிலிருந்து 2001இல் மூடும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கங்களின் உழைப்பில் பெரும்பங்கு தமிழர்களுடையது. ஒயிட்ஃபீல்டு நிலையத்தைத் தாண்டிப் போகிற இதே தண்டவாளம்தான் பங்காருப்பேட்டை வழியாக அங்கே போகிறது.

அவள் தாளைப் பார்க்கவில்லை. "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க" என்றாள். மூடிக்கொண்டோம். "நான் எங்க கொள்ளுத்தாத்தா வீட்டைச் சொல்றேன். செவுரு இல்ல. மூங்கிலைப் பொளந்து, பட்டை பட்டையாச் சீவி, குறுக்கும் நெடுக்குமா முடைஞ்சிருக்காங்க. அதுக்குப் பேரு தட்டி. தட்டி மேல களிமண்ணு பூசி, சாணி மெழுகியிருக்கு. மண்ணு உதுந்த எடத்துல சந்து. ராத்திரி சந்து வழியா பக்கத்து வீட்டு வெளக்கு தெரியும். மழ பேஞ்சா தட்டி ஊறி ஒரு வாசனை வரும். என்ன வாசனைன்னு பாட்டிக்கே சொல்லத் தெரியல."

அவள் பத்து வரி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த வீடு எனக்குத் தெரிந்திருக்காது. கண்ணை மூடியபடியே அந்தச் சந்து வழியாக விளக்கைப் பார்த்தேன். பக்கத்திலிருந்து ஜூன் மாதத்துப் பையனின் குரல் கேட்டது.

"அக்கா, இன்னும் சொல்லு."