பாகூர் வயலில் நடக்கும் தேர்வு

பிரான்சில் இருக்கும் அன்பு மருமகனுக்கு,

காட்டு நெல் முற்றியதும் மணிகளைத் தானே உதிர்த்துவிடும். சேற்றில் விழுந்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. ஆனால் எந்தக் கூட்டத்திலும் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஏதோ சில செடிகள் மணியை உதிர்க்காமல் பிடித்துவைத்திருந்தன. காட்டில் அது குறை. கதிரறுத்த மனிதர் கையிலோ அந்த மணிகளே அதிகம் சேர்ந்தன, அவையே மறுபடி விதையாயின. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இப்படித்தான் உதிராத நெல் உருவாயிற்று. இதற்குப் பெருங்காரணமான மரபணு மாற்றம் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்துதான் என்று 2006-இல் தெரியவந்தது. இயற்கைத் தேர்வை விளக்கிய தம் 1859-ஆம் ஆண்டு நூலை டார்வின் வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் காணும் வேறுபாடுகளைக் கொண்டு தொடங்கியது பொருத்தமே.

பாகூரில் உழவு பழையது. இங்குள்ள நெல் வயலின் தீராத களை குதிரைவாலிப் புல். களையெடுக்கும் பெண்கள் கண்ணில் படுவது பிடுங்கப்படும்; நெல் நாற்றைப்போல் நிமிர்ந்து நிற்பது தப்பித்து விதை விடும். இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு உண்டு, குதிரைவாலிக்கு இல்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சீனத்தின் யாங்சி படுகையில் இந்தப் போலித் தோற்றம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவானதாக 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தப் புல்லை யாரும் வளர்க்கவில்லை. அதை அழிக்க முயன்ற கைகளே அதை நெல்லைப்போல் ஆக்கின.

நெல்லைத் தாக்கும் புகையான் என்ற பூச்சி களையைவிட இன்னும் வேகமாக மாறுவது. ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும். அதைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல் ரகம் 1973-இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அதை உண்டு வாழும் புகையான் பெருகிவிட்டது. ரகமோ பூச்சிமருந்தோ பூச்சிக்குப் புதிய பலத்தைக் கொடுப்பதில்லை. கூட்டத்தில் எங்கோ இருந்த ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை ஒழித்து, அந்த ஒன்றிரண்டுக்கு வயலை விட்டுக்கொடுக்கிறது. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 1976-இல் வேறொரு தடுப்பு மரபணுவுடன் ஐ.ஆர். 36 வந்தது, பின்னர் அதையும் வெல்லும் புகையான் தோன்றியது.

வேறுபாடு பூச்சிக்கு மட்டும் உரியதல்ல, நெல்லிலும் உண்டு. புகையானைத் தடுக்கும் முதல் இரு மரபணுக்களும் 1971-இல் அடையாளம் காணப்பட்டவை. ஒன்று முட்கோ என்ற இந்திய ரகத்தில் இருந்தது. மற்றது அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7 ரகத்தில்.

அன்புடன்,
மாமா
பாகூர்