கூட யாரு?

பிள்ளைகளே, வீடில்லாதவன் பிழைப்பது கடினம். சாவது அதனினும் கடினம்.

கொல்கத்தாவில் காளி கோயிலை ஒட்டிய யாத்ரீகர் சத்திரத்தில், 1952இல், அன்னை தெரசா நிர்மல் ஹிருதயத்தைத் தொடங்கினார். தெருவோரம் உயிர் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே படுக்கையும் கஞ்சியும் கிடைத்தன. கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ராபின் ஃபாக்ஸ் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்த அன்பையும் சுத்தத்தையும் மெச்சினார்; கடும் வலியை அடக்கும் மருந்து இல்லையென்றும் எழுதினார். இரண்டுமே நியாயமான பேச்சு.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தவன் நான். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அந்தப் பொறுமை பணிவிடை செய்பவனுக்கு உரியது. புற்று எலும்பை அரிக்கையில், படுத்திருப்பவனிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

அந்த வலிக்கு மார்ஃபின் உண்டு. 1985இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியில் அது நோயாளிக்கே எட்டாமல் போயிற்று. 2014இல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் 1993இல் தொடங்கிய வலி தணிக்கும் முயற்சி, கேரளத்தில் வீடு தேடிப் போகும் தொண்டாக வளர்ந்தது. வீடே இல்லாதவனை எங்கே தேடுவது? மாத்திரை மலிவுதான், நடைபாதையில் அதைத் திருடு போகாமல் காத்து, நாலு மணி நேரத்துக்கொரு தரம் எடுத்துக் கொடுக்கும் கைதான் அரிது. கனடாவின் டொராண்டோ நகரில் 2014 முதல் மருத்துவர்களே தெருவுக்கும் இரவுக் காப்பகத்துக்கும் போகிறார்கள். நம் ஊர்களுக்கும் அது வரவேண்டும்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி. அங்கேயே படுத்துக் கிடந்த பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வார்டில் வழக்கமான கேள்வி வந்தது: "கூட யாரு?" "நான்தான், தங்கச்சி" என்றாள். அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பகலில் பூ விற்றாள். இரவில் படுக்கைப் புண் துடைத்தாள். அவர் கண்மூடும்வரை முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்த பொய்களில் அதுதான் உயர்ந்தது. அநாதைப் பிணமென்று போக இருந்தவரை ஒரு தங்கை வழியனுப்பி வைத்தாள்.

ஆகவே, யாரேனும் அப்படிக் கிடக்கக் கண்டால் 108ஐ அழைத்ததோடு நகர்ந்துவிடாதீர்கள். வண்டியில் கூடவே ஏறுங்கள். கேட்கும்போது உங்கள் பெயரைக் கொடுங்கள். வலிக்கு மருந்து எழுதியிருக்கிறார்களா என்று டாக்டரிடம் விசாரியுங்கள். மறுநாளும் போங்கள்.