சம்பா வயலில் பச்சையம் பார்த்த நாட்கள்

நவம்பர் 6

நடவு முடிந்து மூன்று வாரமாகிறது. பக்கத்து வயல் கறுகறுவென்று நிற்பதைப் பார்த்து வயல்காரர் மனம் கேட்கவில்லை. "நம்ம பயிரு வெளுத்துக் கெடக்கு தம்பி, நாளைக்கே யூரியா எறைச்சுடறேன்" என்றார். இலை வண்ண அட்டையை எடுத்துக் கொடுத்தேன். முழுதாக விரிந்த இலையைக் கிள்ளாமல், நம் உடம்பின் நிழலில் அட்டைமேல் வைத்து ஒப்பிட வேண்டும். காலை எட்டிலிருந்து பத்துக்குள், பத்து இடத்தில். ஆறு இலையாவது நான்காம் பச்சைக்குக் கீழே இருந்தால்தான் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு எல்லை மூன்று. இங்கே வெளுத்தவை மூன்று இலைதான். தழைச்சத்து மிஞ்சினால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், பின்னால் பயிர் சாயும் என்று சொல்லி மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்றேன்.

நவம்பர் 7

அதே வரிசைகளில் ஸ்பேட் மீட்டர். ஜப்பானில் உருவான கருவி. இலையைக் கவ்வியதும் 650 நானோமீட்டர் சிவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் ஊடுருவுகின்றன. சிவப்பைப் பச்சையம் விழுங்கும். அகச்சிவப்பை அநேகமாகத் தொடாது. அதனால் இலைத் தடிமனால் வரும் வித்தியாசத்தைக் கழித்துவிட முடிகிறது. வந்த எண்கள் 36, 38, 37. நடவு நெல்லுக்குப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன எல்லை 35. அட்டை சொன்னதையே மீட்டரும் சொல்கிறது. அட்டைமேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இந்த எண்ணுக்கு அலகு கிடையாது. பச்சையம் எத்தனை மைக்ரோகிராம் என்று தெரிய, இலையை 80 சதவீத அசிட்டோனில் அரைத்து, 1949இல் ஆர்னான் காட்டிய வழியில் 663, 645 நானோமீட்டரில் அளந்துதான் ஆகவேண்டும்.

நவம்பர் 12

விடாத மழை. எதையும் அளக்கவில்லை.

நவம்பர் 19

வெயில் திரும்பியது. ஒளிச்சேர்க்கைக் கருவியை வரப்பு வழியே தூக்கி வந்தோம். இலையை அதன் சிறு அறையில் மூடினால், உள்ளே போகும் காற்றிலும் வெளிவரும் காற்றிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, இலை வினாடிக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். நம் மூச்சுதான் பெரிய தொந்தரவு. வெளிக்காற்றில் இந்த வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்கு சொச்சம். விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. காற்று கருவியைக் கடந்து நம் பக்கம் வரும்படி நிற்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு 24 மைக்ரோமோல். உச்சிவெயிலில் அதே இலை 17. ஸ்பேட் எண்ணோ இரண்டு வேளையும் 38! பச்சையம் அப்படியே இருக்க, இலைத்துளைகள் ஒடுங்கியிருந்தன. பயிர் பச்சையாக நிற்பதாலேயே முழுமூச்சாக வேலை செய்கிறது என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம்.

நவம்பர் 20

இலைக்குச் சேதமா, வெறும் சோர்வா? அதைச் சொல்ல ஒளிர்வுமானி. இருட்டில் வைத்த இலைமேல் ஒளி பட்டதும் சிவந்த ஒளிர்வு ஏறி இறங்குவதை 1931இல் ஜெர்மனியில் காவுட்ஸ்கியும் ஹிர்ஷும் வெறுங்கண்ணால் கண்டார்கள். நாங்கள் கிளிப் மாட்டி இருபது நிமிடம் இருட்டாக்கி அளந்தோம். கருவி காட்டும் எண் நலமான இலைக்கு 0.83 அருகில் வரும். நேற்றைய இலைகளுக்கு 0.82. சேதமில்லை.

நவம்பர் 27

பத்தில் ஏழு இலை நான்குக்குக் கீழ். இம்முறை அட்டை பார்த்துக் கணக்குச் சொன்னது வயல்காரர்தான். மேலுரம் இன்றே போடச் சொன்னேன். அடுத்த வாரம் முதல் அவர் மருமகள் பார்ப்பார். நிறம் ஆளுக்கு ஆள் வேறாகத் தெரியும். கதிர் வரும்வரை ஒருவரே பார்ப்பது நல்லது என்று மருமகளிடமே சொல்லிவிட்டு வந்தேன்.