டாரதி எழுதி வைத்த நாட்கள்

1800 மே 14, புதன்

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு கவிஞரான அண்ணன் வில்லியமும் தம்பி ஜானும் யார்க்‌ஷயருக்குக் கிளம்பினார்கள். வழியில் சாப்பிட ஆறிய பன்றிக்கறியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். டாரதி வேர்ட்ஸ்வொர்த் விண்டர்மியர் ஏரிக்கரைத் திருப்பம்வரை கூடப் போய் வழியனுப்பினார். தொண்டை அடைத்துப் பேச்சே சரியாக வரவில்லை. அவர்கள் போன பிறகு ஏரியோரத்தில் ஒரு கல்லில் வெகுநேரம் உட்கார்ந்து அழுது தீர்த்தார். மனம் கொஞ்சம் லேசானது.

நாட்குறிப்பு அன்றுதான் தொடங்குகிறது. இருவரும் திரும்பி வரும்வரை எழுதுவதென்று முடிவு செய்கிறார். தனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். வீடு திரும்பி இதைப் படித்தால் வில்லியம் சந்தோஷப்படுவார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தை மறக்காமல் படித்தால்தான் 1803 ஜனவரிவரை நீளும் குறிப்புகள் பிடிபடும். அன்றாடம் கண்ணில் பட்டதையெல்லாம் பிரியமான ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகவே இந்தப் பெண் சேர்த்து வைத்தார்.

வீடு இருந்தது இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் நிறைந்த மலைநாட்டில், கிராஸ்மியர் கிராமத்தில். 1799 டிசம்பர் 20 அன்று அண்ணனும் தங்கையும் அங்கே குடிவந்தார்கள். முன்பு சத்திரமாக இருந்த சிறிய கட்டடம் அது. இன்று டவ் காட்டேஜ் என்று பெயர். கல் பாவிய கீழ்த்தளம், பின்புறம் மேடேறும் தோட்டம், சரியாக இழுக்காத புகைபோக்கி. மாடியில் ஒரு சின்ன அறையின் சுவர் முழுக்க டாரதி பழைய செய்தித்தாள்களை ஒட்டினார். நண்பர் ரெய்ஸ்லி கால்வர்ட் இறக்கும்போது வில்லியமுக்கு எழுதிவைத்த 900 பவுண்டில்தான் குடும்பம் பெரும்பாலும் ஓடியது. வசதியான வாழ்க்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் டாரதிக்கு அது ‘தன் வீடு’. 1771-ல் கிறிஸ்துமஸ் நாளன்று பிறந்தவர். ஆறு வயதில் அம்மா இறந்ததும் ஹாலிஃபேக்ஸில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் அப்பாவின் கூரைக்குக் கீழே அவர் ஒரு நொடிகூட நின்றதில்லை. அப்பா இறந்தபோதும் இல்லை. உடன்பிறந்தவர்களை மறுபடி பார்க்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. கிராஸ்மியர் வீட்டில் ரொட்டி சுட்டதையும் பட்டாணிக்குக் களை கொத்தியதையும் ஒருவர் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்தப் பிள்ளைப்பருவத்தில் இருக்கிறது.

1800 ஜூன் 7, சனி

மூன்று வாரத்துக்கும் மேலாகத் தனிமை. பீன்ஸ் விதைத்தார், முள்ளங்கி நாற்றை இடம் மாற்றி நட்டார், பழந்துணி தைத்தார், ஷேக்ஸ்பியர் படித்தார். கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆம்பிள்சைடுவரை நடந்து போனார். சில நாட்கள் வெறுங்கையோடு திரும்பினார்.

இரவு பதினொரு மணிக்கு வாசலில் காலடிச் சத்தம். கதவு திறக்கிறது. வில்லியம்! ஆனந்தம் கொஞ்சம் அடங்கியதும் தேநீர் போட்டார்கள். விடியற்காலை நாலு மணிவரை இருவரும் படுக்கவில்லை. அண்ணன் இல்லாதபோது வீட்டிலும் தோட்டத்திலும் என்னென்ன செய்து வைத்திருக்கிறார் என்று காட்ட வேண்டாமா? கோடைக்காலம், பறவைகள் அதற்குள் பாடத் தொடங்கிவிட்டன. திரும்பும்வரைதான் என்று ஆரம்பித்த நாட்குறிப்பு, வந்த பிறகும் நிற்கவில்லை.

1800 ஆகஸ்ட் 31, ஞாயிறு

கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் ஜூலையில்தான் குடும்பத்தோடு கெஸிக் ஊருக்குக் குடிவந்திருந்தார். கிராஸ்மியருக்கும் கெஸிக்குக்கும் 13 மைல். இன்று நண்பர்கள் சந்திக்க ஒரு வாரம் முன்னால் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. கோல்ரிட்ஜ் யாரையும் கேட்கவில்லை. 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் மலையைத் தாண்டி நடந்தே வந்தார்.

வந்து சேரும்போது இரவு பதினொரு மணி. டாரதி நிலா வெளிச்சத்தில் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். வில்லியமும் ஜானும் படுத்துவிட்டார்கள். வில்லியம் எழுந்து இரவு அங்கியோடே வந்து உட்கார, மூன்றரை மணிவரை பேச்சு. கோல்ரிட்ஜ் தாம் எழுதிக்கொண்டிருந்த ‘கிறிஸ்டபெல்’ கவிதையின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். நேரங்கெட்ட நேரத்தில் வந்துவிட்டாரே என்ற சலிப்பு குறிப்பில் எங்கும் இல்லை.

1800 அக்டோபர் 3, வெள்ளி

வழியில் எதிர்ப்பட்ட ஒரு கிழவரைப் பற்றி இன்று நீளமாக எழுதுகிறார். முதுகு மடங்கி ஏறக்குறைய இரண்டாக வளைந்த மனிதர். வைத்தியத்துக்கான அட்டை பிடித்து விற்பது தொழில். பத்துப் பிள்ளைகளில் ஒருவன்தான் மிச்சம். அவன் மாலுமி, அவனிடமிருந்தும் தகவல் இல்லை. முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங் விற்றது. இப்போது கிடைப்பதே அரிதாகி முப்பது ஷில்லிங். பிடிக்க அட்டை இல்லாததால் கார்லைல் நகருக்குப் போய்ச் சில பக்திப் புத்தகங்கள் வாங்கி விற்கலாம் என்று நடந்துகொண்டிருந்தார்.

விலையைக்கூட விடாமல் குறித்ததைப் பாருங்கள். பரிதாபம் மட்டும் பட்டிருந்தால் விலை கேட்கத் தோன்றாது. எதிரே வந்தவரின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்கிற அண்டைவீட்டு அக்கறை இது. இரண்டு ஆண்டு கழித்து வில்லியம் இந்தக் கிழவரை வைத்துப் புகழ்பெற்ற கவிதை எழுதினார்.

1802 மார்ச் 14, ஞாயிறு

காலை உணவு. வில்லியமின் முன்னால் ஒரு கிண்ணம் சூப், தொடாமல் ஆறுகிறது. பக்கத்தில் சின்னத் தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி. சட்டைக் கழுத்துப் பொத்தான் போடவில்லை, காலுறை மாட்டவில்லை. ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்து வண்ணத்துப்பூச்சியைப் பற்றிக் கவிதை எழுதுகிறார். சின்ன வயதில் வண்ணத்துப்பூச்சியைத் துரத்துவோமே என்று இருவரும் பேசியதிலிருந்து வந்த கவிதை. சிறகின் பொடி உதிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் தான் அவற்றைப் பிடிப்பதில்லை என்று டாரதி சொல்லியிருந்தார். அது அப்படியே கவிதைக்குள் போனது.

கவிதை பிறந்த நேரத்தையும் சூப் ஆறியதையும் டாரதி ஒரே மூச்சில் சொல்கிறார். அவருக்கு இரண்டும் வேறு வேறு விஷயமில்லை. இந்த நாட்குறிப்புகளை 1897-ல் பதிப்பித்த வில்லியம் நைட் அப்படி நினைக்கவில்லை. அண்ணன் சட்டையைத் தைத்தேன், வில்லியம் சுள்ளி பொறுக்கினார், முட்டை தேடிப் போனேன் என்பன போன்ற குறிப்புகள் எல்லாவற்றையும் அச்சிடத் தேவையில்லை என்று முன்னுரையில் எழுதிப் பலவற்றை நீக்கினார். அவை பெரும்பாலும் திரும்பக் கிடைக்க எர்னஸ்ட் டி செலின்கோர்ட் பதிப்பு வரவேண்டியிருந்தது; ஆண்டு 1941. நைட் நீக்கியது உயிர்நாடியை. சட்டை தைத்த கை தெரியாமல் ஏரியை மட்டும் படித்தால் அந்த வீட்டின் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

தலைவலியும் பல்வலியும்கூட நாட்குறிப்பில் அடிக்கடி வருகின்றன. டாரதி அதையும் எழுதிவிட்டு, அடுத்த வரியில் அன்றைக்குச் சுட்ட ரொட்டிக்குப் போய்விடுவார்.

1802 ஏப்ரல் 15, வியாழன்

நம் ஊர்ப் பள்ளிகளில் ‘டாஃபோடில்ஸ்’ மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். அந்தக் கவிதையின் நாள் இதுதான்.

அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய தாமஸ் கிளார்க்சனின் வீட்டில் தங்கியிருந்துவிட்டு அண்ணனும் தங்கையும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை வழியே ஊர் திரும்பினார்கள். மூச்சு முட்டும் காற்று. கௌபாரோ பூங்காவைத் தாண்டியதும் தண்ணீர் ஓரமாக முதலில் நாலைந்து டாஃபோடில் பூக்கள். ஏரி விதையை அடித்துக்கொண்டுவந்து கரையேற்றியிருக்குமோ என்று யோசிக்கிறார் டாரதி. போகப்போகப் பெருகி, ஒரு சாலையின் அகலத்துக்குக் கரை நெடுகிலும் மஞ்சள். களைத்துப்போய்க் கல்லின்மேல் தலைசாய்த்த பூக்களைக்கூட அவர் கவனித்திருக்கிறார்.

அன்றிரவு பேட்டர்டேலில் ஒரு விடுதி. நனைந்து போய் நின்றவர்களை விடுதிக்காரம்மா முகம் சுளித்தே வரவேற்றார், ஆனால் ஹாமும் உருளைக்கிழங்குமாக நல்ல சாப்பாடு போட்டார். வெந்நீர் கலந்த ரம் ஆளுக்கு ஒரு கோப்பை. ஜன்னலோரம் கிடந்த பழைய புத்தகங்களை வில்லியம் எடுத்துக்கொண்டு வந்தார். கிளம்பும்போது கணக்கு ஏழு ஷில்லிங்.

வில்லியம் கவிதை எழுதியது 1804-ல், அச்சானது 1807-ல். அதில் மிகச் சிறந்த இரண்டு வரிகளை மனைவி மேரி தந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கவிதைக்குள் நடப்பவர் தனியாள். நாட்குறிப்பிலோ நெடுக ‘நாங்கள்’. பூக்களை முதலில் சொல்லில் பிடித்தவர் டாரதி, வரி கொடுத்தவர் மேரி, கவிதையாக்கியவர் வில்லியம். ஒரு வீடே சேர்ந்து செய்த கவிதை அது. வகுப்பறைகளில் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

1802 மே 4, செவ்வாய்

போன வாரம் ஏப்ரல் 29 அன்று அண்ணனும் தங்கையும் ஜானுக்குப் பிடித்த மரத்தோப்பில் வேலியோரப் பள்ளத்தில் படுத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அருவிச் சத்தமும் பறவைச் சத்தமும்தான். இறந்த பிறகும் இப்படியே மண்ணின் ஓசைகளைக் கேட்டபடி, வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும் என வில்லியமுக்குத் தோன்றியது.

இன்று கெஸிக் சாலையில் பாதி வழியில் கோல்ரிட்ஜைச் சந்தித்தார்கள். அங்கே ஒரு பாறையில் நண்பர்கள் தங்கள் முதலெழுத்துகளைச் செதுக்கியிருந்தார்கள்: வில்லியம், டாரதி, ஜான், கோல்ரிட்ஜ், மேரி ஹட்சின்சன், அவர் தங்கை சாரா. பிரியும் முன் டாரதி அந்த எழுத்துகளுக்கு முத்தம் கொடுத்தார். ஓர் எழுத்து ஆழம் போதவில்லை. கோல்ரிட்ஜின் பேனாக்கத்தியை வாங்கி வில்லியம் அதை இன்னும் ஆழமாக்கினார்.

கோல்ரிட்ஜுக்கு அப்போதே குடும்பத்தில் நிம்மதி இல்லை, ஓபியம் பழக்கம் வேறு. 1810-ல் இரண்டு கவிஞர்களுக்கும் இடையே விரிசல் விழுந்தது. பிறகு சமாதானம் ஆனாலும் பழையபடி ஆகவில்லை. மான்செஸ்டருக்குத் தண்ணீர் கொண்டுபோக அங்கே நீர்த்தேக்கம் கட்டியபோது பாறையும் உடைபட்டது. பொறுக்கிச் சேர்த்த துண்டுகள் இன்று கிராஸ்மியரில் இருக்கின்றன.

1802 அக்டோபர் 4, திங்கள்

வில்லியமுக்கும் மேரிக்கும் பிராம்ப்டன் தேவாலயத்தில் கல்யாணம். டாரதி போகவில்லை. மோதிரத்தை முந்தைய இரவு முழுக்கத் தன் விரலில் போட்டிருந்தார். கல்யாணம் முடிந்த செய்தி வந்ததும் நிற்க முடியாமல் கட்டிலில் விழுந்தார். பிறகு எழுந்து ஓடிப்போய் அண்ணனை எதிர்கொண்டார்.

இந்தப் பக்கத்தை வைத்து எத்தனையோ ஊகங்கள் எழுதப்பட்டுவிட்டன. கைக்குக் கிடைத்த வீடு மாறிவிடுமோ என்று ஒரு பெண் கலங்கினார் என்பதே போதும். மேரியோ பென்ரித் ஊரில் இருந்த நாட்களிலிருந்தே டாரதியின் தோழி. அக்டோபர் 6 அன்று மூவரும் கிராஸ்மியர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தோட்டத்துக்குப் போய், தாங்கள் இல்லாதபோது செடிகள் வளர்ந்திருந்த வளர்த்தியைப் பார்த்து அதிசயித்தார்கள். டாரதி கடைசிவரை அவர்களோடுதான் இருந்தார். 1829-ல் தொடங்கிய நோய் 1835-க்குப் பிறகு அவர் மனநிலையையும் தாக்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1850-ல் வில்லியம் இறந்த பிறகும் அந்தப் பொறுப்பு மேரியிடமே இருந்தது, 1855 ஜனவரியில் டாரதி கண்மூடும்வரை.

1802 டிசம்பர் 24, வெள்ளி

இரவு பத்தரை. தேநீர் குடித்ததிலிருந்து டாரதி வில்லியமின் பக்கத்தில் காலுறைக்குக் குதிகால் தைத்துக்கொண்டிருக்கிறார். நடுநடுவே கவிதை சொல்வதும் மில்டன் படிப்பதுமாக நேரம் போகிறது. கீழே மேரி கேக் வேகிறதா என்று பார்க்கிறார். சாரா பல்வலியோடு படுத்திருக்கிறார். விடிந்தால் டாரதிக்கு முப்பத்தொன்று.

1803 ஜனவரி 16, ஞாயிறு

ஐந்து நாள் முன்னால்தான், இனி ஒழுங்காகவும் புரியும்படியும் எழுதுவேன் என்று புதிய சங்கல்பம் செய்துகொண்டார். இன்று எலும்பைத் துளைக்கும் குளிர். வில்லியமுக்கு இஞ்சி ரொட்டி தின்ன ஆசை வந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் மாலியின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு டாரதி, மேத்யூ நியூட்டன் வீட்டுக்குப் போனார். கண் தெரியாத மேத்யூவும் மனைவியும் சகோதரியும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் துப்புரவாகக் கணப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். சகோதரி எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

தடித்த ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார் டாரதி. வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை, வாங்கிவைக்கப் பார்க்கிறோம் என்றார் மேத்யூ. அலமாரியில் இருந்த கொஞ்சத்தை எடுத்துத் தர, ஆறு பென்னிக்கு வாங்கினார். காசைக் கொடுத்ததும் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் நாங்களே சுடப்போகிறோம் என்று சொல்ல டாரதிக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போதே மேத்யூ வீட்டுப் பெண் தடித்த ரொட்டியோடு வந்து நின்றார். அவரிடமும் இரண்டு பென்னிக்கு வாங்கிக்கொண்டார்கள்.