சுமக்க முடிந்ததைக் கொடு

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நினைத்தாலும் பட்டினி கிடக்க முடியாது. 14 கிலோமீட்டருக்கும் சாம்பார் சாதம், புளியோதரை, ரவா உப்புமா, நீர்மோர் என்று அண்டா அண்டாவாக இறங்கும். விடிந்தால் பாதி தின்ற தொன்னைகள் ஓரமெல்லாம் கிடக்கும். நான்கு நாள் கழித்து வந்து பாருங்கள். ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்கள் அப்படியேதான் இருப்பார்கள். அண்டாக்களைத்தான் காணோம். சில ஆசிரமங்களில் வேளைச்சோறு உண்டு, பெரிய கோயிலிலும் அன்னதானம் உண்டு. ஆனால் காலில் புண் உள்ளவர் அவ்வளவு தூரம் நடந்து வந்து வரிசையில் நிற்க வேண்டுமே.

எனக்குக் கல்யாணச் சமையல் தொழில். முகூர்த்தங்கள் பெரும்பாலும் வளர்பிறையில் விழும், தேய்பிறையில் அடுப்பு சும்மா இருக்கும். பாதையிலும் அப்போதுதான் சோறு குறைவு. பாதையில் இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிற இந்த வேலையை ஆரம்பிக்க இதைவிடப் பெரிய தத்துவம் ஒன்றும் எங்களுக்கு இருக்கவில்லை.

பந்திக்குச் சமைக்கிற கை பாதைக்குச் சமைக்கும்போது பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணத்தில் சாதம் உதிரியாக நிற்காவிட்டால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். இங்கே பாதிப் பேருக்குப் பல் இல்லை, குழைய வேக வேண்டும். மிளகாயைப் பாதியாக்கிவிடுவோம், வெறும் வயிற்றில் காரம் இறங்கினால் ராத்திரியெல்லாம் எரியும். தேங்காய் சேர்ந்த எதுவும் கிடையாது. தயிர்சாதத்துக்குப் பாலைத் தாராளமாக விட்டு, உறைக்கு மட்டும் ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் சாயங்காலம் வரை புளிக்காது. வடக்கிலிருந்து வந்த சாமிகளுக்குச் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். எல்லாம் வாழையிலைப் பொட்டலம்தான். 2019இல் பிளாஸ்டிக் தடை வந்தபோது எங்களுக்கு மாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

சமையலைவிடக் கடினமானது கொடுக்கிற வேலை. பாதையில் இருப்பவருக்குச் சொத்து ஒரு ஜோல்னாப் பை, ஒரு தூக்குவாளி, ஒரு போர்வை. அதில் அடங்காத எதைக் கொடுத்தாலும் அவர் தலையில் சுமை ஏற்றுகிறோம். மார்கழிக் குளிரைப் பார்த்து மனமிரங்கிக் கனமான கம்பளி தருகிறார்கள். சித்திரையில் அதை எங்கே வைப்பது? மறுநாளே பாதி விலைக்குப் போய்விடும். உடனே, “பாத்தீங்களா, வித்துட்டான்” என்று பேச்சு. விற்கட்டுமே. கொடுத்தபின் அது அவருடைய கம்பளி.

கேட்டால் சொல்வார்கள். கேட்கத்தான் ஆளில்லை. எங்களிடம் கேட்டவை: சோப்பு, சவர பிளேடு, கொசுவர்த்தி, செருப்பு, படிக்கிற கண்ணாடி, போனுக்குச் சார்ஜ். கடைசியைக் கேட்டதும் எங்கள் பையன் ஒருவன், “சாமியாருக்கு எதுக்குண்ணே போனு?” என்றான். ஊரில் இருக்கிற மகள் வாரம் ஒருமுறை பேசுவாளாம். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்று சோற்றுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்பது விலை கேட்பதுபோல ஆகிவிடும். அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேட்போம். தூங்குகிறவரை எழுப்புவதில்லை, தலைமாட்டில் வைப்பதும் இல்லை: குரங்கு ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். பக்கத்தில் விழித்திருப்பவரிடம் கொடுத்துவிட்டால் போய்ச் சேரும்.

சேருமா என்று புதிதாக வருகிறவர்கள் சந்தேகப்படுவார்கள். பாதைக்கென்று ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அங்கே இருப்பவர்கள்தான் காக்கிறார்கள். நிருதி லிங்கத்துப் பக்கம் ஒரு பெரியவர், இரண்டாவது பொட்டலத்தை நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். “ராத்திரிக்கு வெச்சா எறும்பு வரும்ப்பா, அந்தம்மாவுக்குக் குடு.” அந்தம்மா கூச்சத்தில் கூட்டத்துக்குள் வரமாட்டார், பெரியவருக்கு அது தெரியும். தனியாக வந்த பெண்களை வெளிச்சம் உள்ள கம்பத்தடியில் படுக்கச் சொல்லி இடம் விட்டுக்கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். திருட்டும் சண்டையும் குடியும் இல்லாமல் இல்லை. எந்தத் தெருவில் இல்லை?

“இதுல எத்தனை பேரு உண்மையான சாமியார்?” இந்தக் கேள்வி இல்லாமல் நன்கொடை வராது. 1896இல் இந்த ஊரில் வந்து இறங்கிய 16 வயதுப் பையன் தெருவில் கையேந்திச் சாப்பிட்டவர்தான். பிற்பாடு ரமணர் என்றோம். 1959இல் வந்த யோகி ராம்சுரத்குமார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் புன்னை மரத்தடியிலும் தேரடியிலும் வருஷக்கணக்கில் கிடந்தவர். இதைச் சொன்னால் நன்கொடைக்காரர் உருகிவிடுகிறார், எனக்குத்தான் உறுத்தும். அடுத்த ரமணர் இவர்களில் இருக்கலாம் என்று சோறு போடுவது லாட்டரிச் சீட்டு வாங்குவது. படுத்திருப்பவர் வெறும் கடனாளியாக இருந்தாலும் அதே சோறுதான்.

இப்படி ஆள் பார்க்காத சோற்றைப் பற்றித் தஞ்சை சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ராமேஸ்வரம் போகிற வழிச் சத்திரங்களின் மானியத்தில் கைவைக்க வேண்டாம் என்று கேட்கிறவர், அங்கே என்ன நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்கிறார். சாதி பார்க்காமல் ஜோகி, பைராகி உட்பட எல்லோருக்கும் சோறு. சமைத்தது ஆகாது என்பவருக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூவி அழைப்பார்களாம். சமையல்காரனாக எனக்கு அந்த மணி பெரிய விஷயம். கடைசி ஆள் வரும்வரை அடுப்பை அணைக்காமல் ஒருவன் விழித்திருந்தால்தான் அந்த மணிக்கு அர்த்தம். நாங்களும் கடைசி பஸ்கள் வந்தபிறகு ஒரு சுற்று போகிறோம். அந்நேரத்தில் வந்து இறங்குகிறவருக்கு எந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்று தெரியாது.

வழியில் நோயில் விழுந்தவருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது. நாங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சர்க்கரை நோயில் கால் அழுகியவருக்கு 108ஐக் கூப்பிட்டால் வண்டி வந்துவிடும். வார்டில் முதல் கேள்வி, “கூட யாரு இருக்கா?” ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து ஓடவும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகவும் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் கட்டோடு மறுபடி பாதைக்கே வந்துவிடுவார். அதனால் சோறு கொண்டுபோகிற எங்கள் வேனில் இப்போது ஒரு ஆள் கூடுதலாக ஏறுகிறார். சமையல் தெரியாது, பரிமாறவும் வராது. ஆஸ்பத்திரியில் யாராவது சேர்ந்தால் அவருடைய மகனென்று கையெழுத்துப் போடாமல், “தெரிஞ்சவர்” என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கட்டிலடியில் பாயை விரிப்பார்.